கோமு பேரில் போன ரத்தம்

வைகாசி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆழ்வார்குறிச்சி வீட்டின் இரண்டாம் கட்டு அறையில் வைத்து, சிவசங்கரன் தன் தங்கை விஜயஸ்ரீயின் கையிலிருந்து ரத்தம் எடுத்தான். ஜன்னல் கதவைச் சாத்தச் சொன்னது அம்மா உலகம்மாள். சாத்தினால் நரம்பு தெரியாது என்று அவன் சொன்னதற்கு, ஒரு கதவை மட்டும் திறந்து வைத்துவிட்டு அதன் முன்னால் அவளே மறைத்துக்கொண்டு நின்றாள்.

சிவசங்கரனுக்குப் பாளையங்கோட்டையில் வேலை. அங்கே ஒரு டாக்டர் நடத்துகிற பரிசோதனைக்கூடத்தில் ஐந்து வருடமாக இருக்கிறான். மற்ற இடங்களில் சர்க்கரை பார்ப்பார்கள், உப்பு பார்ப்பார்கள். இங்கே கதிரியக்கம் ஏற்றிய அயோடினை வைத்து, ரத்தத்தில் துளியிலும் துளியாக இருக்கிற, தைராய்டு மாதிரியான சுரப்புகளை அளந்தார்கள். அதற்கான மருந்துப் பெட்டி பம்பாயிலிருந்து மாதம் ஒரு தடவை வரும். வந்த நாளிலிருந்தே அதன் வீரியம் குறைய ஆரம்பித்துவிடும் என்பதால் காத்திருக்க முடியாது. ஒரு வாரம் சேர்ந்த ரத்தத்தை எல்லாம் சனிக்கிழமை ஒன்றாக வைத்துப் பார்த்துவிடுவார்கள்.

அங்கே வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, சிவசங்கரனுக்குத் தங்கையைப் பார்த்ததும் சந்தேகம் வந்துவிட்டது. இருபத்திரண்டு வயதுப் பெண், அக்கினி நட்சத்திரத்தில் போர்வை கேட்டாள். ஆட்டுரலில் மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கினாள். முகம் காலையில் ஊதியிருந்தது. பாடினால் தெரு கேட்கும் குரல், தகரத்தில் மணல் கொட்டினதுபோல் ஆகியிருந்தது. தச்சநல்லூரில் மின்வாரியத்தில் வேலை பார்க்கும் மகேஷுக்கு அவளைப் பேசி முடித்து, ஆவணியில் கல்யாணம் என்று வைத்திருந்தார்கள்.

ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாயில் ஒட்டுகிற சீட்டை எடுத்துச் சிவசங்கரன் பேனாவைத் திறந்தான்.

"பேரை எழுதாத லே," என்றாள் உலகம்மாள்.

"பேர் இல்லாம உள்ள எடுக்க மாட்டாங்கம்மா."

"எடுக்க மாட்டாங்கன்னா அவ பேரை எழுதிருவியோ? ஆவுடைநாயகம் அண்ணாச்சி அங்கன முன்மேசையிலல்லா உக்காந்திருக்காரு. அவரு கண்ணுல படாம ஒரு குழாய் உள்ள போவுமா? இந்தச் சம்பந்தத்தைக் கொண்டாந்ததே அவருதான். சாயங்காலம் வீட்டுக்குப் போற வழியில தச்சநல்லூர்ல இறங்கிச் சொல்லிட்டுல்லா போவாரு!"

"அதுக்கு?"

உலகம்மாள் அடுக்களைப் பக்கம் பார்த்தாள். அங்கே மருமகள் கோமு, சிவசங்கரனின் மனைவி, எள்ளு வறுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும். எள்ளு படபடவென்று பொரிகிற சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று நினைத்தாளோ என்னவோ, குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்.

"கோமு பேரை எழுது. கலியாணம் ஆனவளுக்கு என்ன வந்தது? அவளை இனி யாரு வந்து பொண்ணு பாக்கப் போறா?"

சிவசங்கரன் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தான். அடுக்களையில் எள்ளுச் சத்தம் நின்றது. கோமு சட்டியை இறக்கிவைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி நிலைப்படிக்கு வந்தாள். களக்காட்டில் வாழைத்தோட்டக்காரர் வீட்டுப் பெண். கல்யாணமாகி மூன்று வருடம். இன்னும் பிள்ளையில்லை.

"எழுதிக்கிடுங்க," என்றாள். "ஒரு பேருதானே."

மறுநாள் காலை ஆவுடைநாயகம் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சீட்டைப் படித்தார்.

"கோமுவா? யாரு, நம்ம வீட்டுப் பிள்ளையா? என்னலே செய்யுது அவளுக்கு?"

"அசதின்னு சொல்லுதா அண்ணாச்சி."

"மூணு வருசமாச்சுல்லா... ம்ம். பாக்க வேண்டியதுதான். உள்ள எது கெட்டுக் கெடக்குன்னு யாரு கண்டா," என்று சொல்லி, தானே அந்தக் குழாயைப் பெட்டியில் பத்திரமாக நிறுத்தினார்.

உள்ளே குளிரூட்டி ஓடிற்று. சிவசங்கரனும் அவனுக்கு மூத்தவரான பாக்கியசீலனும் கையுறை மாட்டிக்கொண்டார்கள். ஒவ்வொருவர் ரத்தத்துக்கும் இரண்டு சிறு குழாய். ஒன்று தவறினால் மற்றது காட்டிக்கொடுக்கும். ரத்தத்தின் தெளிவை ஊசிமுனை அளவு விட்டு, அதன்மேல் அயோடின் ஏற்றிய சிவப்பு நீரை விட்டு, கடைசியில் சுரப்பைப் பிடித்துவைக்கிற மருந்தை விடவேண்டும். பேசினால் கணக்குத் தப்பும் என்று பாக்கியசீலன் வாய்க்குள்ளேயே ஞானப்பாட்டு முனகுவார். பிறகு குழாய்களை ஊறப் போட்டு, வேகமாகச் சுற்றுகிற இயந்திரத்தில் வைத்து, அடியில் படிந்தது அடியிலேயே நிற்க, மேலே நிற்கிற தண்ணீரை மட்டும் கவிழ்த்து வடிக்கவேண்டும். ஆளுக்கு ஒரு தட்டாகக் குழாய்களை உறிஞ்சுதாளின் மேல் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"பைய லே. கல்யாண வீட்டுல சோறு வடிக்க மாதிரி கவுத்தாத. அடியில உள்ளது போச்சுன்னா எல்லாம் போச்சு."

"எனக்குத் தெரியாதா, அண்ணாச்சி?"

"தெரியும். இன்னைக்கு நீ அவசரப்படுத, அதான் சொன்னேன்."

மின்சாரம் போகாமல் இருந்தது அன்றைக்கு ஒரு பாக்கியம். கதிரியக்கத்தை எண்ணும் இயந்திரத்தில் ஒவ்வொரு குழாயாக இறக்கினார்கள். கோமு என்று எழுதின இரண்டு குழாயும் ஒன்றுபோல் சொல்லின. சிவசங்கரன் வரைபடத்தாளில் கோட்டைத் தேடிப் பென்சிலை வைத்தான். பென்சில் போய் நின்ற இடம் தாளின் ஓரம். சுரப்பு இருக்கவேண்டியதில் கால்வாசிகூட இல்லை.

பாக்கியசீலன் எட்டிப் பார்த்தார். "இது உன் வீட்டம்மா பேருல்லா?"

"ஆமா."

"கர்த்தாவே! இதை வச்சிக்கிட்டு அந்தப் பிள்ளை எப்படிலே உனக்கு மூணு வேளை பொங்கிப் போட்டா? நீயெல்லாம் ஒரு மனுசனா?"

சிவசங்கரன் வரைபடத்தாளை மடித்தான்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு உடனே மாத்திரை எழுதினார். வீட்டம்மாவை ஒருநாள் கூட்டிக்கொண்டு வா என்றார். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அதன்பிறகு அரைமணி நேரம் ஒன்றும் தொடக்கூடாது, காப்பிகூட. இதை ஆயுளுக்கும் விடக்கூடாது. சீசாவின் மேல் கோமு என்று எழுதியிருந்தது.

அந்தச் சீசா காப்பித்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. காலையில் விஜயஸ்ரீ கதவுக்குப் பின்னால் நின்று மாத்திரையை விழுங்குவாள். அதே நேரத்தில்தான் இசக்கித்தாய் பால் கொண்டுவருவாள். அவளுக்குத் தெரிந்தது கீழத்தெருவுக்கு மட்டுமல்ல, கடனா ஆற்றில் துணி துவைக்கிற கல்லுக்கும் தெரியும். கோமுவுக்குச் சீக்கு என்று ஆவுடைநாயகம் சொல்லி அவள் காதுக்கும் வந்திருந்தது. அதனால் இசக்கித்தாய் வந்து போகிறவரை கோமு காப்பி குடிக்கக்கூடாது என்று உலகம்மாள் ஏற்பாடு செய்தாள்.

"என்ன கோமு, மாத்திரை போட்டாச்சா?" என்பாள் இசக்கித்தாய், செம்பில் பாலை ஊற்றிக்கொண்டே.

"ஆச்சு."

"கழுத்துல ஒண்ணும் தெரியலையே! எங்க பெரியம்மைக்கு இங்கன இம்புட்டுத் தண்டி தொங்கும். உனக்கு உள்ளுக்குள்ள வீக்கம் போல."

"இருக்கும்க்கா. உள்ளுக்குள்ள நெறையதான் வீங்கிக் கெடக்கு," என்பாள் கோமு.

கதவுக்குப் பின்னால் விஜயஸ்ரீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். முதலில் அவர்கள் இருவருக்கும் அது ஒரு விளையாட்டாகத்தான் இருந்தது. ஆனி பிறந்து மேற்கே மலையில் மேகம் இறங்கி, சாரல் வீட்டுக்குள் தூவத் தொடங்கினபோது விஜயஸ்ரீயின் முகம் வற்றியிருந்தது. போர்வை கேட்க நியாயமான காலத்தில் போர்வையை உதைத்துத் தள்ளினாள். குரலும் திரும்பிவிட்டது.

அந்தச் சாரலில்தான் ஒருநாள் தச்சநல்லூரிலிருந்து மகேஷின் அம்மா சங்கரவடிவு வந்தாள். கூறைப்பட்டின் நிறம் கேட்க வந்ததாகச் சொன்னாள். கூடை நிறையப் பிச்சிப்பூவும் ஒரு டப்பா அல்வாவும் கொண்டுவந்திருந்தாள். பெரிய உடம்பு. உட்கார்ந்த இடத்திலிருந்தே வீட்டை நடத்துகிறவள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் சிவசங்கரனும் தூணோரம் நின்றுகொண்டிருந்தான். சேலைப் பேச்சு முடிந்ததும், காப்பி கொண்டுவந்த கோமுவைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள்.

"ஆவுடைநாயகம் அண்ணாச்சி சொன்னாரு தாயி. கேட்டதும் சங்கடமா இருந்துச்சு. அதான் மூணு வருசமா ஒண்ணும் தங்கலை போல. பைய சரியாயிரும். கவலைப்படாத."

கோமு மாமியாரைப் பார்த்தாள். இப்போதாவது பேச்சை வேறு பக்கம் திருப்புவாள் என்று நினைத்தாள்.

உலகம்மாள் பிச்சிப்பூவைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். "என்ன செய்யச் சொல்லுதிய சம்பந்தி? அவ பொறந்த வீட்டுலேருந்து கொண்டாந்த சீக்கு. நமக்குச் சொல்லாமக் கட்டிக் குடுத்துட்டாங்க. நாம தள்ளிவிட முடியுமா? வச்சிப் பாத்துக்கிடுதோம்."

கோமுவின் கை சங்கரவடிவின் கைக்குள்ளேயே இருந்தது. அதை உருவிக்கொண்டு எழுந்தாள். எழுந்து எங்கே போவது என்று தெரியாமல், குடிக்காமல் வைத்திருந்த காப்பித் தம்ளர்களை எல்லாம் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"அப்படி இல்ல சம்பந்தி," என்றாள் சங்கரவடிவு. "தண்ணியில இருந்துகூட வருமாம், உப்புல இருந்தும் வருமாம். ஒரே கிணத்துத் தண்ணி, ஒரே உப்பு, ஒரே அடுப்பு. நம்ம விஜயாவுக்கும் ஒரு தடவை பாத்திருவோமே. தப்பா நினைக்காதிய. கலியாணத்துக்கு முன்னால பாத்துட்டா மனசுக்கு ஒரு நிம்மதி. நானே பாளையங்கோட்டைக்கு வந்து ரிப்போட்டைக் கண்ணால பாத்துக்கிடுதேன்."

கிள்ளின பூ உலகம்மாளின் மடியிலேயே கிடந்தது.

மறுநாள் காலை சிவசங்கரன் ரயிலுக்குப் புறப்பட்டபோது, கோமு குடையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன்வரை கூட வந்தாள். அப்படி அவள் வருவதில்லை. வயல் வரப்பு ஓரமாக நடந்தார்கள். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தார்கள்.

"உங்கம்மா என்ன சொன்னாங்க?"

"உன் ரத்தத்தையும் எடுத்து, சீட்டை மாத்தி ஒட்டச் சொல்லுதாங்க. உன்னோடது விஜயா பேருல."

"ஒட்டப் போறியளா?"

அவன் நனைந்த செருப்பை உதறினான். கோமு குடையை அவன் பக்கம் சாய்த்தாள். பிறகு, "அந்தக் குழாய்க்குள்ள அப்படி என்னதான் நடக்குது?" என்று கேட்டாள்.

சிவசங்கரனுக்கு அது சுலபமான கேள்வி. முகம் தெளிந்தது. "பாவநாசம் பஸ்ஸு இருக்குல்லா? அதுல இருக்க இடம் இவ்வளவுதான். நம்ம ரத்தத்துல உள்ள சுரப்பு, ஊர்க்காரங்க. நாங்க விடுத அயோடின் சரக்கு, வெளியூர்க்காரங்க. ரெண்டு பேரும் அடிச்சிப் பிடிச்சி ஏறுவாங்க. ஊர்க்காரங்க நெறைய இருந்தா வெளியூர்க்காரனுக்கு இடம் கிடைக்காது. கம்மியா இருந்தா அவன் நெறைய உக்காந்திருப்பான். வெளியூர்க்காரன் மட்டும்தான் கிலுகிலுன்னு சத்தம் போடுவான். மெஷின் அந்தச் சத்தத்தைத்தான் எண்ணும்."

"அப்ப உங்க வீட்டுல நான் ஒரு சத்தமும் போடாத வெளியூர்க்காரி," என்றாள் கோமு. "எப்படி எண்ணுவிய?"

"ஏ கோமு..."

"எங்கப்பா சீக்காளிப் பொண்ணை ஏமாத்திக் கட்டிக் குடுத்துட்டாருன்னு உங்கம்மா சொல்லுதாங்க. நாலு நாள்ல அது களக்காட்டுக்குப் போயிரும். வாழைத்தார் சுமந்து என்னை வளத்த மனுசன் அவரு. நீங்க அங்கனதான் நின்னிய. ஒரு வார்த்தை சொன்னியளா?"

தூரத்தில் செங்கோட்டைப் பாசஞ்சர் கூவிற்று.

"ரத்தம் எடுத்துக்கிடுங்க. நான் மாட்டேங்கல. விஜயாவை நான் கெடுக்க மாட்டேன். ஆனா அந்தச் சீட்டை நீங்கதான் ஒட்டணும், உங்க கையாலதான். அதுல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

குடையை அவனிடம் கொடுத்துவிட்டு, சாரலில் நனைந்துகொண்டே திரும்பி நடந்தாள்.

ஆடி முதல் வாரம் சிவசங்கரன் இரண்டு பேர் ரத்தத்தையும் எடுத்தான். சீட்டு ஒட்டாமல், விஜயஸ்ரீயின் குழாயில் மட்டும் ஒரு நூலைச் சுற்றிக் கொண்டுபோனான். பரிசோதனைக்கூடத்து வாசலில் நின்று, யாரும் பார்க்காமல் ஒட்டினான். உண்மைப் பேரைத்தான் ஒட்டினான். இப்போது மாற்றாவிட்டாலும் கணக்கு வந்தபிறகு ரிப்போர்ட் எழுதும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று மனதில் ஒரு வழி வைத்திருந்தான்.

அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. வரைபடத்தாளில் இரண்டு பேருக்கும் பென்சில் நடுவில் வந்து நின்றது. விஜயஸ்ரீக்கு மாத்திரை கேட்டிருந்தது. கோமுவுக்கு எப்போதும் இருக்கிறதுதான் இருந்தது. சிவசங்கரனுக்குப் பெருமூச்சு வந்தது. யார் பேரையும் மாற்றவேண்டாம், யாருக்கும் பொய் சொல்லவேண்டாம். சனிக்கிழமை இருட்டுமுன் வீட்டுக்கு வந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களைக்குப் போய்ச் சொன்னான்.

"ரெண்டு பேருக்கும் நல்லா இருக்கு கோமு! விஜயாவுக்கும் சரி, உனக்கும் சரி. அப்படியே எழுதிக் குடுத்துட்டேன். எல்லாம் நேரா முடிஞ்சிட்டு."

கோமு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு என்னைக்கு நல்லா இல்லாம இருந்துச்சு?"

"இல்ல, அதைத்தான் சொல்லுதேன்..."

"இப்ப என்ன சொல்வாங்க தெரியுமா? மாத்திரை கேட்டுட்டு, சரியாயிட்டான்னு சொல்வாங்க. வராத சீக்கு வந்து, போகவும் செஞ்சிட்டு. நான் செத்தாலும் அது என் பேருலதானே கெடக்கும்?"

ஜன்னல் பக்கம் தலைசீவிக்கொண்டிருந்த விஜயஸ்ரீயின் சீப்பு பாதியில் நின்றது. சிவசங்கரன் ஒருமுறை அவளைப் பார்த்தான், ஒருமுறை இவளைப் பார்த்தான். பிறகு வாசலில் போய்ச் செருப்பைக் கழற்றினான்.

சங்கரவடிவு ரிப்போர்ட்டைப் பார்க்க வருவதாகச் சொன்ன திங்கட்கிழமை, முதல் ரயிலுக்கு நாலுபேரும் புறப்பட்டார்கள். பல் தேய்த்த வாயோடு கிளம்பினதால் யாரும் ஒன்றும் சாப்பிடவில்லை, விஜயஸ்ரீ மாத்திரையும் போடவில்லை. மாத்திரைச் சீசாவைக் கோமுவின் பையில் உலகம்மாள்தான் வைத்தாள். டாக்டர் கேட்டால் காட்டவேண்டுமே!

சங்கரவடிவு அவர்களுக்கு முன்னாலேயே வந்து ஆவுடைநாயகத்தோடு பேசிக்கொண்டிருந்தாள். டாக்டர் எல்லோரையும் உள்ளே அழைத்து, இரண்டு ரிப்போர்ட்டையும் பார்த்துவிட்டு, சின்னவளுக்கு ஒன்றுமில்லை என்றார். கோமுவை முதல்முறையாக நேரில் பார்த்து, நாடி பிடித்து, கழுத்தைத் தொட்டு, "ரொம்ப நல்லா முன்னேறியிருக்கீங்க. மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க. வெறும் வயித்துல போட்டு, அரைமணி நேரம் காப்பிகூடக் குடிக்காதீங்க," என்றார். சிவசங்கரன் அறையின் மூலையில் நின்று அதைக் கேட்டான். ஆவுடைநாயகம் சந்தோஷத்தில் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார்.

வெளியே வந்ததும் சங்கரவடிவு பெண்களைப் பக்கத்து ஓட்டலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். சிவசங்கரனுக்கு வேலை. அவன் பரிசோதனைக்கூடத்து வாசலோடு நின்றுகொண்டான்.

ஓட்டலில் இட்லி வந்தது. காப்பியும் சேர்ந்தே வந்தது. சங்கரவடிவு வாயெல்லாம் சிரிப்பாக இருந்தாள்.

"பாத்தியா கோமு, நான் சொன்னேன்லா? ரெண்டு மாச மாத்திரை, ஆளையே தேத்திட்டு. இனி அடுத்த ஆடிக்குள்ள உன் மடியில ஒண்ணு கெடக்கும். நீ சீக்கோட வந்தவன்னாலும், உங்க அத்தை உன்னைத் தள்ளிவிடல பாரு. அது பெரிய மனசு."

உலகம்மாள் சட்னியைத் தொட்டுக்கொண்டாள். கோமு காப்பித் தம்ளரை எடுத்தாள்.

"ஏ, ஏ! மாத்திரை போட்டியா?" என்று சங்கரவடிவு தம்ளரின் வாயைக் கையால் மூடினாள். "வெள்ளன கிளம்பினியே, போட்டிருக்க மாட்ட. இப்பத்தான் டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. எடு. என் கண்ணு முன்னால போடு."

கோமு பையைத் திறந்தாள். சீசாவை எடுத்து மேசையில் வைத்தாள். அதன் மேல் எழுதியிருந்த அவள் பெயர் எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. மூடியைத் திறந்து ஒரு மாத்திரையை உள்ளங்கையில் கவிழ்த்தாள். உளுந்தைவிடச் சின்ன வெள்ளை மாத்திரை.

"போட்டுரு கோமு," என்றாள் உலகம்மாள், தலை நிமிராமல். "ஒண்ணும் செய்யாது."

கோமு அந்த மாத்திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் விழுங்கவும் இல்லை, கையை மூடவும் இல்லை. ஓட்டல் பையன் தண்ணீர் ஜக்கோடு வந்து நின்று, ஏதோ சரியில்லை என்று திரும்பிப் போனான்.

விஜயஸ்ரீ தன் கையை மேசையின் குறுக்கே நீட்டினாள்.

"மதினி, குடுங்க."

"எட்டி!" என்றாள் உலகம்மாள்.

விஜயஸ்ரீ கோமுவின் உள்ளங்கையிலிருந்து மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, தண்ணீரைக் குடித்தாள். முழுத் தம்ளரையும் குடித்தாள்.

"உனக்கு எதுக்குட்டி இது?" என்று கேட்டாள் சங்கரவடிவு.

"என்னோடதுதான் அத்தை. வைகாசிலேருந்து நான்தான் போடுதேன். அன்னைக்கு எடுத்த ரத்தமும் என்னோடதுதான். மதினி பேரைத்தான் எழுதிக் குடுத்தோம்."

உலகம்மாள், "சம்பந்தி, அது வந்து... பிள்ளைக்குக் கலியாணம்..." என்று ஆரம்பித்தாள். சங்கரவடிவு கையைக் காட்டி நிறுத்தினாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் வெறுமனே இருந்தது. அவள் கோமுவைப் பார்த்தாள்.

"அப்ப உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் கோமு. "எப்பவும் இருந்ததில்ல."

"உங்க அப்பா...?"

"அவரு ஒண்ணையும் மறைக்கல."

சங்கரவடிவு சீசாவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதை விஜயஸ்ரீயின் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு விஜயஸ்ரீ கை வைத்திருந்த இட்லித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மாத்திரை போட்டா அரைமணி நேரம் எதையும் தொடக்கூடாதுன்னுல்லா டாக்டர் சொன்னாரு. பேசாம இரு."

"சம்பந்தி, ஆவணி முகூர்த்தம்..." என்றாள் உலகம்மாள்.

"அதை நான் வீட்டுல போயித்தான் பேசணும். இங்கன வச்சி ஒண்ணும் கேக்காதிய."

உலகம்மாள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். விஜயஸ்ரீ கண்ணைத் துடைக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிர்ச் சுவரில் சாமி படத்துக்குக் கீழே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

சங்கரவடிவு காப்பித் தம்ளரைத் தொட்டுப் பார்த்தாள். ஆறியிருந்தது.

"ஏ தம்பி, இங்கன ஒரு காப்பி நல்ல சூடாக் கொண்டா," என்று சத்தம் கொடுத்தாள். அது வந்ததும் கோமுவின் முன்னால் வைத்தாள். "நீ குடி தாயி. உனக்கு எதுக்கு அரைமணி நேரம்?"